ஞாயிற்றுக்கிழமைக் கிழங்குப்பால்

குண்டானைத் தேய்ப்பது எப்போதும் அக்காதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, கம்பி நாரும் கையுமாகத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றுவிடுவாள். "விடுங்க அண்ணி, ஊறட்டும். சாயங்காலமா நான் பாத்துக்கறேன்" என்று தம்பி மனைவி ஒவ்வொரு வாரமும் சொல்வாள். "ஊறினா போற கறையா இது? தேய்ச்சாத்தான் போகும்" என்று இவளும் ஒவ்வொரு வாரமும் சொல்வாள்.

அது அவர்களுடைய அம்மாவின் குண்டான். கனத்த அலுமினியம், ஒரு காது எப்போதோ உடைந்துபோனது. உள்ளே அடியில், உள்ளங்கை அகலத்துக்குப் பாலும் கிழங்கும் சேர்ந்து பழுப்பாகப் பிடித்திருக்கும். சில வாரம் கறுப்பாகவே இருக்கும். ஒன்பது வயதில் அதைத் தேய்க்கத் தொடங்கியவளுக்கு இப்போது ஐம்பத்து நாலு. நடுவில் குண்டான் வீடு மாறிவிட்டது. கறை மாறவில்லை.

அன்றைக்கும் பாதி தேய்த்திருப்பாள். கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"அவ கையேதாம்மா. கண்ண மூடிக்கிட்டு சாப்பிட்டா, அவதான் வச்சு எறக்கிட்டுப் போன மாதிரி இருக்கு."

'அவ' என்றால் அம்மா. செத்து நாலு வருஷம் ஆகிறது. அப்பா சொல்லிக்கொண்டிருந்தது மருமகளிடம். கம்பி நாரின் முனை ஒன்று அக்காவின் கட்டைவிரலில் ஏறியது. அவள் கையை உதறவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

கிழங்குப்பால் என்பது அந்த வீட்டுக்காரர்கள் வைத்துக்கொண்ட பெயர். உருளைக்கிழங்கை வேகவைத்துப் பாதியை மசித்துப் பாதியை அப்படியே விட்டு, பொன்னிறமாக வதக்கிய வெங்காயத்தோடு பாலில் போட்டுச் சுண்டவிட வேண்டியது. மிளகுத்தூள், உப்பு. ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிடுவார்கள். சமையல் என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. ஆனால் காய்ச்சல் வந்தால் அது, பரீட்சையில் தேறினால் அது, அப்பா நாலு நாள் வண்டியோட்டிவிட்டுப் பேருந்துப் புழுதியோடு வீடு திரும்பினால் அது. இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிற அக்காவின் மகன்கூடத் தொலைபேசியில், "அத்தை வைக்கற கிழங்குப்பால் மாதிரி இங்க ஒண்ணு கிடைக்காதும்மா" என்பான். அத்தை வைக்கிற. பெற்று வளர்த்தவளிடம் சொல்கிற பேச்சைப் பார்.

இத்தனைக்கும் இவளுக்குத் தொழிலே சமையல். பதினேழு வயதில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் காய் நறுக்கச் சேர்ந்தாள். இன்றைக்கு அதே சமையலறையில் பதினோரு பேர் இவள் கண்ணசைவுக்கு வேலை செய்கிறார்கள். ஒரு வேளைக்கு நானூறு தட்டு. உப்பில்லாதது தனி, சர்க்கரையில்லாதது தனி, மென்று தின்ன முடியாதவர்களுக்குத் தனி. அங்கே அவள் பெயர் 'பெரிய கரண்டி'. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு பெரிய டாக்டரே நேரில் சொல்ல ஆரம்பித்ததால் அதுவே பட்டமாக நின்றுவிட்டது. பெரிய கரண்டியின் முதல் விதி: அடுப்பில் பால் இருக்கும்போது அதன் முன்னால் நிற்பவள் நகரக் கூடாது. தாகம் எடுத்தாலும் நகரக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருத்தி வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய், இருநூறு பேருக்கான பால் காந்திப்போயிற்று. இவள் மூக்கைச் சுருக்கினாள், அவ்வளவுதான். அத்தனையும் சாக்கடைக்குப் போயிற்று. முப்பத்தேழு வருஷத்தில் இவள் கையில் எதுவும் அடிபிடித்ததில்லை. அதை அவள் அடிக்கடி சொல்லிக்கொள்வதுண்டு.

அப்படிப்பட்டவளைத் தாண்டிப் போய்விட்டாள் தம்பி மனைவி. அவள் ஒரு தையல்காரி. கூடத்தின் ஜன்னலோரம் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை, ஜன்னல் திரை, தலையணை உறை என்று எது வந்தாலும் தைப்பாள். தையலில் கெட்டிக்காரி, அதை யாரும் மறுக்க முடியாது. சமையலறையில் அவள் எப்படி? வெங்காயத்தாளைத் துணி வெட்டுகிற கத்திரிக்கோலால் வெட்டுகிறவள். ஒருமுறை கிழங்குப்பாலில் நீல நூல் ஒன்று கிடந்தது. அப்பா அதை விரலால் எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு, "இதுவும் ஒரு ருசிதான்" என்று சிரித்தார். ஆஸ்பத்திரியில் தட்டில் ஒரு முடி கிடந்தால் இவள் மூன்று நாள் தூங்கமாட்டாள்.

அம்மாவின் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்தவள் இவள். சின்ன வயதில் குண்டானைச் சாய்த்துப் போட்டுத் தேய்த்தவள் இவள். அம்மாவின் கை இவளுக்கு வராமல், இருபத்தாறு வயதில் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தவளுக்கு வந்தது எப்படி? 'அவ கை' என்று அப்பா தன்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் அது கண்டிப்பாக வேண்டியிருந்தது.

முயற்சி செய்யாமல் இல்லை. அப்பாவை ஒரு வாரம் தன் வீட்டுக்கு அழைத்து வந்து, நல்ல பாலாக வாங்கி, கரண்டியைக் கையிலிருந்து இறக்காமல் கிண்டி வைத்துக் கொடுத்தாள். அப்பா முழுவதும் சாப்பிட்டார்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கும்மா. ரொம்பச் சுத்தமா இருக்கு."

"சுத்தமான்னா?"

"ஆஸ்பத்திரியில குடுப்பாங்கல்ல, அந்த மாதிரி."

தபால்காரரான அவள் கணவர் அந்த இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மாமா, இந்த வீட்டுல எல்லாமே அப்படித்தான். சாப்பிட்டு முடிச்சதும் டிஸ்சார்ஜ் சீட்டு குடுப்பா" என்றார். அதற்கப்புறம் இரண்டு நாளைக்கு அவருக்குக் கிடைத்ததும் ஆஸ்பத்திரிப் பேச்சுதான்: "சாப்பாடு இருக்கு", "போட்டுக்கங்க", "போதுமா".

குண்டானில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைத்துத் தம்பியிடம் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் அதில் வைத்துப் பார்த்தாள். வரவில்லை. கிழங்கை மாற்றினாள், பால்காரரை மாற்றினாள். வரவில்லை. கடைசியில், அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த அந்த ஒரு வருஷத்தில்தான் எதையோ சொல்லியிருக்கிறாள் என்று தீர்மானித்தாள். அந்த வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது தையல்காரி. இவளுக்கு ஆஸ்பத்திரியில் முறை வேலை. வாரத்தில் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டுப் போவாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வருத்தம் வருவதற்கு முன்னால் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நேரடியாகவே கேட்டுவிட்டாள். "எங்கம்மா உங்கிட்ட என்ன சொன்னா?"

"எதப் பத்தி அண்ணி?"

"கிழங்குப்பாலப் பத்தி."

தையல்காரி வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு யோசித்தாள். "உப்பு அதிகம்னு திட்டுவாங்க. வெங்காயம் இவ்வளவு பெரிசாவா நறுக்குவன்னு திட்டுவாங்க. வேற ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமே சொல்லல?"

"சொல்லியிருந்தா நான் ஏன் அண்ணி மறைக்கறேன்?"

'அதத்தான் நானும் கேக்கறேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தாள்.

விரலில் கம்பி ஏறிய அந்த ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு, எல்லோருக்கும் முன்னால் காலையிலேயே தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். சமையலறையில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் நறுக்குவதற்கோ உரிப்பதற்கோ ஒன்றுமில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள், சுகாதார அதிகாரி வந்து உட்கார்ந்த மாதிரி.

தையல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "மெஷின்ல ஒரு திரை பாதியில நிக்குது அண்ணி..." என்றாள்.

"போ, தை. நான் பாத்துக்கறேன்."

"இல்ல, இருக்கட்டும். நீங்க இருக்கும்போது நான் எப்படிப் போறது?"

போகவில்லை. குண்டானின் முன்னாலேயே நின்றாள். கரண்டியைச் சுற்றிச் சுற்றிக் கிண்டினாள். இவள் ஒவ்வொன்றையும் கணக்காகப் பார்த்தாள்: கிழங்கு எத்தனை, வெங்காயம் எத்தனை, மிளகு எப்போது. எல்லாம் இவள் போடுவதுதான். ஒளித்து வைத்த பொடி ஒன்றும் வெளியே வரவில்லை.

மதியம் அப்பா ரொட்டியைத் தோய்த்து வாயில் வைத்தார். மென்றார். தட்டைப் பார்த்தார்.

"என்னம்மா, இன்னைக்கு அவ வரலையே?"

தையல்காரியின் முகம் சுருங்கிப்போனது. அக்காவுக்கு உள்ளே ஏதோ குளுகுளுவென்று இறங்கியது. அதை மறைக்கத் தண்ணீர் குடித்தாள். தையல்காரிக்கும் எப்போதாவது தவறும், அப்படியானால். எப்போதும் தவறாதது அம்மாவின் கை. இது ஏதோ குருட்டாம்போக்கில் வருவது. அன்றைக்கு அக்கா இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்து, வழக்கம்போல் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு, குண்டானில் கம்பி நாரை வைத்து ஒரு சுற்று சுற்றினாள். நார் வழுக்கிக்கொண்டு ஓடியது. இன்னொரு சுற்று. பிடிமானமே இல்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அடி பளபளவென்று இருந்தது. தேய்ப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

கம்பி நாரைக் கையில் பிடித்தபடி அவள் அப்படியே நின்றாள்.

அம்மா தெருவில் பாதி வீட்டுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தவள். பாலையும் கிழங்கையும் அடுப்பில் ஏற்றிவிட்டு, "இந்த ஒரு சட்டை மட்டும்" என்று பெட்டியைத் தூக்குவாள். ஒரு சட்டை மூன்று சட்டையாகும். பிறகு, "ஐயையோ, அடி பிடிச்சிருச்சு!" என்று ஓடிவருவாள். கிண்டாமல், அடியைச் சுரண்டாமல், மேலாக எடுத்து ஊற்றுவாள். "மூதேவி, ஒரு நாளாவது ஒழுங்கா வைக்கிறேனா பாரு" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டே ஊற்றுவாள். வீட்டில் எல்லோரும் தட்டை வழித்துச் சாப்பிடுவார்கள். அம்மாவுக்கு இஸ்திரிப் பெட்டி. தம்பி மனைவிக்குத் தையல் மெஷின். 'இந்த ஒரு ஓரம் மட்டும்' என்று உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான். கையாவது, பக்குவமாவது! அடியிலிருந்து ஏறிவந்த காந்தல் வாசனை. இத்தனை வருஷமாக அந்த வாசனையைச் சுரண்டிச் சுரண்டிச் சாக்கடையில் விட்டவள் இவளேதான்.

வெளியே வந்து, "பாத்திரம் இன்னைக்குச் சீக்கிரம் ஆயிடுச்சு" என்றாள்.

புதன்கிழமை தையல்காரி தொலைபேசியில் கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"அண்ணி, மாமா அன்னைக்கு சரியாவே சாப்பிடல. நான் என்ன தப்பு பண்ணேன்? நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

ஆஸ்பத்திரியில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கரண்டியைச் சுற்றினாள். அந்தக் கணத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய விஷயம்தான்.

"நடுவுல நடுவுல கையை எடுத்துட்ட. அதான்" என்றாள். "பாலு வச்சா நகரவே கூடாது. தீயைக் குறைச்சுக்கோ. நின்னு கிண்டு. கடைசி வரைக்கும் நின்னு கிண்டணும்."

"சரி அண்ணி. ரொம்ப நன்றி. வேற யாரு எனக்குச் சொல்லித்தருவா?"

தொலைபேசியை வைத்த பிறகு பெரிய கரண்டி சுற்றுவது கொஞ்ச நேரம் நின்றது. பக்கத்தில் இருந்த பெண், "அக்கா, பாலு!" என்றாள். இவள் திடுக்கிட்டுக் கையை ஓட்டினாள்.

வெள்ளிக்கிழமை வீட்டில் சோதித்துப் பார்த்தாள். கிழங்குப்பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பால் லேசாக 'ஸ்ஸ்' என்றதும், அவளைக் கேட்காமலே உடம்பு எழுந்துபோய் அடுப்பை அணைத்தது. மறுபடி ஏற்றினாள். மறுபடி அணைத்தது. கணவர் செய்தித்தாளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "அடுப்புக்கும் உனக்கும் என்ன சண்டை?" என்றார்.

ஞாயிறு காலை வேறு வழி செய்தாள். தீயை மிதமாக வைத்துவிட்டு, மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கொடியில் காய்ந்த துணிகளை எடுத்தாள். எடுத்ததைத் திரும்பக் காயப்போட்டாள். கிளிப்புகளை நிறம் பார்த்துப் பிரித்தாள். கீழேயிருந்து அந்த வாசனை படியேறி வந்தபோது, "ஐயையோ, அடி பிடிச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டே இறங்கினாள்.

கணவர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். "அதுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்டார்.

அவள் கிண்டாமல், மேலாக எடுத்து மூடிபோட்ட பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டாள்.

தம்பி வீட்டு மேசையில் அன்றைக்கு இரண்டு கிழங்குப்பால். தம்பி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, போட்டியா?" என்றான்.

"ஏன், நான் எங்கப்பாவுக்கு வச்சு எடுத்துட்டு வரக்கூடாதா?"

"வரலாமே. தோத்தவங்க குண்டான் தேய்க்கணும், சம்மதமா?"

"நான் இன்னைக்கு மெஷின் பக்கமே போகல அண்ணி" என்றாள் தையல்காரி. நெற்றியெல்லாம் வியர்வை. "நீங்க சொன்ன மாதிரியே நின்னு கிண்டினேன். காலு ரெண்டும் கெஞ்சுது."

அக்கா அப்பாவின் தட்டில் இரண்டையும் பரிமாறினாள். தையல்காரி வைத்தது இடது பக்கம், தான் வைத்தது வலது பக்கம். அப்பாவுக்குக் கண் மங்கல். வந்து உட்கார்ந்தவர், எது எந்தப் பாத்திரத்திலிருந்து வந்தது என்று கேட்கவில்லை. தட்டில் இரண்டு இருப்பது மட்டும் தெரிந்தது. இடது பக்கத்தில் ரொட்டியைத் தோய்த்தார்.

"ம். சுத்தமா இருக்கு" என்று மகள் பக்கம் திரும்பித் தலையாட்டினார். "உன்னோடது எப்பவும் ஒரே மாதிரிம்மா. குறை சொல்ல முடியாது."

பிறகு வலது பக்கம். ரொட்டி வாய்க்குள் போனது. மெல்லுவது பாதியில் நின்றது. இன்னொரு துண்டைப் பிய்த்து, இந்த முறை ஆழமாகத் தோய்த்தார்.

"வந்துட்டா" என்றார். "போன வாரம் நான் பயந்தே போயிட்டேன், மருமகளே. கை எங்கயும் போகல. அவ கையேதான்."

அக்கா நாலு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை; வந்தே விட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவளைப் பார்த்து வந்தது.

தையல்காரி சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "மாமா, அது நான் வச்சதில்ல. அண்ணி வச்சது. நான் வச்சது அந்தப் பக்கம் இருக்கறது."

"போம்மா. எம் பொண்ணு வச்சா அடி பிடிக்காது."

"பெரிய கரண்டி அடி பிடிக்க விட்டா ஆஸ்பத்திரியையே இழுத்து மூடிடுவாங்கப்பா" என்று தம்பி சிரித்தான்.

"நான்தாம்ப்பா வச்சேன்" என்றாள் அக்கா.

"காந்தியிருக்கேம்மா."

"காந்த விட்டேன்."

"வேணும்னேவா?"

"வேணும்னேதான்."

அப்பா மகளின் முகத்தையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அட" என்றார். "உங்கம்மா இதத் தடுக்க முடியாம தெனம் தன்னையே திட்டிக்குவா. நீ வேணும்னே விட்டியா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "இன்னும் ரெண்டு கரண்டி போடு" என்றார்.

அவள் போட்டாள். மெதுவாகப் போட்டாள், இன்னும் ஏதாவது சொல்வார் என்று. அவர் ரொட்டியைப் பிய்ப்பதில் இருந்தார். சொன்னதை ஆள் மாற்றி இன்னொரு தடவை சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

தையல்காரி இடது பக்கத்தில் ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு வலது பக்கத்தில். இரண்டாவது முறை விரலை வாயிலிருந்து எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அண்ணி" என்றாள். கோபமில்லாத குரல்தான். "அப்ப, புதன்கிழமை போன்ல என்கிட்ட நின்னு கிண்டச் சொன்னீங்களே. நகரவே கூடாதுன்னு சொன்னீங்களே. அது எதுக்கு?"

தம்பி சிரிப்பதை நிறுத்தினான். அக்கா பாத்திரத்து மூடியை எடுத்தாள், அதன் விளிம்பைத் துணியால் துடைத்தாள், மூடினாள். மறுபடி திறந்து துடைத்தாள்.

தையல்காரி காத்திருந்தாள். பிறகு, "தோத்தவங்கதானே தேய்க்கணும்" என்று சொல்லி, ஒருவரும் அதிகம் தொடாத குண்டானை, ஒற்றைக் காதை ஒரு கையிலும் அடியை ஒரு கையிலுமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.